ஒளி களைத்துப்போகுமா?

வானியல் பற்றி நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசிப் பாருங்கள். "சாயங்காலச் சூரியன்கூடத்தான் சிவப்பாகத் தெரிகிறது, அது நம்மைவிட்டு ஓடுகிறதா என்ன? தூரத்து விண்மீன் திரள்களின் ஒளி சிவந்திருப்பதை மட்டும் வைத்துப் பேரண்டம் விரிகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. கேட்டவர் தடுமாறியிருப்பது ஒரே ஒரு சொல்லில்தான்.

அந்தச் சொல் செம்பெயர்ச்சி. சிவப்பு இடப்பெயர்ச்சி என்றும் எழுதுவார்கள். பெயரைக் கேட்டதும் ஏதோ சாயம் ஏறுவதுபோலத் தோன்றும். சாயங்காலச் சூரியனுக்கு நடப்பது வேறு: காற்றும் தூசும் நீல ஒளியைச் சிதறடித்துவிட, மிச்சம் இருக்கும் சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. விண்வெளித் தூசும் இதே வேலையைச் செய்யும். ஆனால் செம்பெயர்ச்சியை அளப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை, கோடுகளைப் பார்க்கிறார்கள்.

ஒரு விண்மீன் திரளின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால் அங்கங்கே கறுப்பாகவோ பளிச்சென்றோ மெல்லிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தன் கைரேகையைப் பதித்துவிட்டுப் போன இடம் அது. கால்சியத்துக்கு 393.4 நானோமீட்டரிலும் 396.8 நானோமீட்டரிலும் இரட்டைக் கோடு. ஹைட்ரஜனுக்கு 656.3இல் ஒன்று. தூசு இவற்றை மங்கலாக்கலாம், இடம் மாற்ற முடியாது. தொலைவிலுள்ள திரள்களில் இடமே மாறியிருக்கிறது. 393.4இல் இருக்க வேண்டிய கால்சியக் கோடு 432.7இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு நீண்டிருக்கிறது. செம்பெயர்ச்சி 0.1 என்பார்கள். அதே திரளின் ஹைட்ரஜன் கோடு 722க்கு அருகே போயிருக்கும். ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை 23 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து ரேடியோ அலைவரை எல்லாம் ஒரே விகிதத்தில் நீள்கின்றன. இந்த ஒரு தகவலை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். செம்பெயர்ச்சிக்கு மாற்றுக் காரணம் சொல்ல வந்த பலர் இந்த வாசல்படியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

இதை முதலில் அளந்தவர் அமெரிக்காவின் அரிசோனாவில், லோவெல் வானாய்வகத்தில் இருந்த வெஸ்டோ ஸ்லைஃபர். ஒளி தரும் பொருள் விலகிப் போனால் அலை நீளும், நெருங்கி வந்தால் சுருங்கும்; ஆகவே கோட்டின் நகர்விலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். 1912இல் ஆண்ட்ரோமீடா திரளை அளந்தார். அது நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது! பிறகு அளந்தவற்றில் பெரும்பாலானவை விலகிப் போயின: 1917இல் அவர் கையில் இருந்த 25இல் 21. அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை எட்வின் ஹபிள் கலிபோர்னியாவின் மவுன்ட் வில்சன் வானாய்வகத்தில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் கண்டுபிடித்து, 1929இல் இரண்டையும் சேர்த்து வைத்தார். தூரம் கூடக் கூடச் செம்பெயர்ச்சியும் கூடியது. பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமெத்ர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1927இலேயே இதற்குக் காரணம் எழுதிவிட்டார். விண்வெளி தானே விரிகிறது, அதோடு சேர்ந்து ஒளியின் அலையும் நீள்கிறது என்பது அவர் கணக்கு.

சரி, எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? ஹபிளே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அதைத் "தோற்ற வேகம்" என்றுதான் எழுதினார், அதற்குப் பொருள் சொல்வதைக் கோட்பாட்டாளர்களிடம் விட்டுவிட்டார். கடைசிவரை அந்த எச்சரிக்கையை அவர் கைவிடவில்லை. தயங்கக் காரணமும் இருந்தது. அவர் அளந்த விரிவு வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பேரண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுதான் வந்தது. பூமியின் பாறைகளுக்கே அதைவிட வயது கூடுதல் என்று கதிரியக்கக் கணக்கு சொல்லத் தொடங்கியிருந்தது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தூரங்களைத் தப்பாக அளந்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1952இல் வானியலாளர் வால்டர் பாடே அவற்றை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார், அப்புறமும் திருத்தங்கள் வந்தன. ஆக, மாற்று விளக்கம் தேடியவர்களைக் கிறுக்கர்கள் என்று ஒதுக்க முடியாது. அந்தக் காலத்தில் அது தேடவேண்டிய ஒன்றுதான்.

முதலில் தேடியவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. சுவிட்சர்லாந்துக்காரர், கலிபோர்னியாவில் கால்டெக்கில் வேலை. ஹபிளின் கட்டுரை வந்த அதே 1929இல் இவர் கேட்டார்: திரள்கள் எங்கும் போகவில்லை, அவற்றின் ஒளிதான் கோடிக்கணக்கான ஆண்டு பயணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இழக்கிறது என்று ஏன் இருக்கக்கூடாது? ஒளித்துகளின் ஆற்றல் குறைந்தால் அதன் அலைநீளம் கூடும். நீண்ட தூரம் வந்தது அதிகம் இழந்திருக்கும். தூரத்துக்கும் செம்பெயர்ச்சிக்கும் உள்ள உறவு தானாகவே வந்துவிடுகிறது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! இதற்குச் "சோர்ந்த ஒளி" என்று பெயர் வந்தது.

ஆனால் ஒளி எதனிடம் ஆற்றலை இழக்கிறது? வழியில் எலெக்ட்ரான்கள்மேல் மோதியா? மோதினால் ஆற்றல் குறையும், உண்மைதான். கூடவே திசையும் திரும்பும். பனிமூட்டத்தில் தெருவிளக்கு எப்படித் தெரிகிறது? சுற்றிலும் ஒரு மங்கலான வட்டம். கோடானுகோடி முறை மோதி வந்த ஒளியும் அப்படித்தான் தெரிய வேண்டும். தொலைவிலுள்ள திரள் வெறும் பஞ்சுப்பொதியாக இருக்க வேண்டும். ஹபிள் தொலைநோக்கியின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிகத் தொலைவிலுள்ள திரள்களில்கூடச் சுருள் கைகள் துல்லியமாகத் தெரிகின்றன. போதாததற்கு, மோதல்கள் எல்லா அலைநீளத்தையும் ஒரே விகிதத்தில் நீட்டுவதில்லை. அதுதான் அந்த வாசல்படி. மோதல் சரிப்படாது என்பது ஸ்விக்கிக்கே தெரிந்திருந்தது. அதனால் வழியிலுள்ள பொருள்களின் ஈர்ப்பு ஒளியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது என்று வேறொரு யோசனையை முன்வைத்தார்.

அந்த ஈர்ப்பு இழுப்பை யாரும் பார்த்ததில்லை. அதை ஒரு பக்கம் வையுங்கள். காரணமே தெரியாவிட்டாலும் ஒளி எப்படியோ களைக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்த எண்ணத்தையே சோதிக்க வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

உங்கள் நண்பர் ஒருவர் வடக்கே நடந்து போய்க்கொண்டே தினமும் காலையில் ஒரு கடிதம் போடுகிறார். முதல் கடிதத்தைவிட இரண்டாவது கூடுதல் தூரம் வர வேண்டும், மூன்றாவது அதைவிடக் கூடுதல். ஆகவே அவர் தினம் ஒன்று போட்டாலும் உங்கள் கைக்கு ஒன்றரை நாளுக்கு ஒன்று, அல்லது இரண்டு நாளுக்கு ஒன்று என்றுதான் கிடைக்கும். நண்பர் ஓரிடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், வழியில் தபால்காரர்கள்தான் கடிதத்தைக் கசக்குகிறார்கள் என்றால்? கடிதம் கசங்கி வரும், ஆனால் தினம் ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். கசங்கலை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எத்தனை நாளைக்கு ஒன்று வருகிறது என்று எண்ணினால் பிரித்துவிடலாம்.

வெளி விரிகிறது என்றால் அலைநீளம் எத்தனை மடங்கு நீண்டதோ, அத்தனை மடங்கு எல்லா நிகழ்வுகளும் மெதுவாகத் தெரிய வேண்டும். சோர்ந்த ஒளியில் நேரம் நீளாது. அப்படியானால் அங்கே ஒரு கடிகாரம் வேண்டும். 1939இல் மவுன்ட் வில்சனைச் சேர்ந்த ஓலின் வில்சன் அந்தக் கடிகாரம் எது என்று சொன்னார்: சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன். (இந்த ஓலின் வில்சன் நமக்குக் கொஞ்சம் தெரிந்தவர். கால்சியக் கோட்டின் அகலத்திலிருந்து விண்மீனின் பிரகாசத்தைக் கணிக்கும் வில்சன்–பாப்பு விளைவில் பாதிப் பெயர் இவருடையது. மீதிப் பாதி, ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் அமைத்த வைணு பாப்பு.)

ஐஏ வகைச் சூப்பர்நோவாக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெடிப்பவை. மூன்று வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தெரிந்த வேகத்தில் மங்கும். செம்பெயர்ச்சி 1 உள்ள திரளில் ஒன்று வெடித்தால் அந்த ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். யோசனை 1939இல் வந்தாலும், அவ்வளவு தொலைவில் வெடிப்பதைப் பிடிக்க 1990கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995கே என்று பெயரிட்ட சூப்பர்நோவாவுக்குச் செம்பெயர்ச்சி 0.479. அதன் ஒளி கூடிக் குறைந்த நேரம், அருகில் வெடிப்பவற்றைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதற்கப்புறம் இப்படிப்பட்ட அளவீடுகள் குவிந்துகொண்டே போயின. 2024இல் இருண்ட ஆற்றல் அளவாய்வுக் குழு 1,504 சூப்பர்நோவாக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நேரம் நீளும் அளவு விரிவுக் கணக்கோடு நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தில் பொருந்தியது. சோர்ந்த ஒளி எதிர்பார்த்தது பூஜ்யம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூப்பர்நோவா என்ற பெயரையே வால்டர் பாடேயோடு சேர்ந்து புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்விக்கிதான். தான் பெயர் வைத்த பிள்ளையே தன் கோட்பாட்டுக்கு எதிர்ச்சாட்சி சொல்லும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நடுவில் ஒரு சிக்கலும் வந்து போனது. குவாசர்கள் எனப்படும், மிகப் பிரகாசமாக ஒளிரும் திரள் மையங்களின் மினுமினுப்பில் இந்த நேர நீட்சியைக் காணவில்லை என்று 2010இல் ஒரு ஆய்வு சொன்னது. மாற்று விளக்கக்காரர்களுக்கு அது பெரிய தெம்பு. 2023இல் 190 குவாசர்களைப் பல ஆண்டுத் தரவுகளோடு, பல நிறங்களில் மறுபடி அலசியபோது நீட்சி கிடைத்துவிட்டது. குவாசரின் மினுமினுப்பு சூப்பர்நோவாபோல ஒழுங்கான கடிகாரம் இல்லை, போதிய தரவு இல்லாமல் அதைப் படிப்பது கஷ்டம்.

இன்னொரு சோதனை 1930இல் ரிச்சர்ட் டோல்மன் சொன்னது. திரளின் பரப்பில் ஒரு சிறு சதுரத்திலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று பாருங்கள் என்றார். சோர்ந்த ஒளியில் ஆற்றல் மட்டும் குறைகிறது, ஆகவே செம்பெயர்ச்சி 1 என்றால் அந்தச் சதுரம் 2 மடங்கு மங்கும். விரிவில் ஆற்றலும் குறையும், கடிதங்களும் தாமதமாக வரும், திரள் முன்பு நமக்கு அருகில் இருந்தபோது கிளம்பிய ஒளி என்பதால் அதன் உருவமும் பெரிதாகத் தெரிந்து ஒளி பரவிவிடும். எல்லாம் சேர்ந்து 16 மடங்கு. இரண்டா, பதினாறா? வித்தியாசம் பெரிதுதான், ஆனால் அளப்பது அவ்வளவு சுலபமில்லை. தொலைவிலுள்ள திரள் இளம் வயதுத் திரள், இளம் விண்மீன்கள் பிரகாசமானவை, அந்தப் பிரகாசத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 2001இல் லோரி லூபினும் ஆலன் சாண்டேஜும் அப்படிக் கழித்துப் பார்த்து விரிவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தக் கழித்தல்மேல் சண்டை போடுகிறவர்கள் இன்றும் உண்டு. இந்தச் சோதனை மட்டும்தான் கையில் இருந்தது என்றால் நானும் கொஞ்சம் தயங்குவேன்.

சோர்ந்த ஒளி போகட்டும், ஈர்ப்பே செம்பெயர்ச்சியைத் தரலாமே? தரும். கனமான பொருளிலிருந்து மேலேறி வரும் ஒளி ஆற்றலை இழக்கிறது. ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் 1960 வாக்கில் 22.5 மீட்டர் கோபுரத்திலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆனால் அளவு? சூரியனிலிருந்து கிளம்பும் ஒளிக்கே பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். 0.1, 0.2 என்று வர வேண்டுமானால் நியூட்ரான் விண்மீன் அளவுக்கு நெருக்கிப் பிடித்த பொருள் தேவை. ஆயிரக்கணக்கான ஒளியாண்டு பரந்து கிடக்கும் திரளில் அதற்கு வழியில்லை. மேலும் எந்தத் திசையில் பார்த்தாலும் தூரத்தோடு செம்பெயர்ச்சி கூடுகிறது என்றால், எல்லாத் திரள்களும் பள்ளத்தில் கிடக்க, நாம் மட்டும் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஆகிவிடும். நமக்கு அவ்வளவு பெருமை வேண்டாம்.

இனி ஹால்டன் ஆர்ப். விசித்திரத் திரள்கள் என்று 338ஐப் படமெடுத்து 1966இல் தொகுத்தவர் இவர். இன்றைக்கும் அந்தத் தொகுப்பைப் புரட்டாத திரள் ஆய்வாளர் இருக்க மாட்டார். அந்தப் படங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். என்ஜிசி 4319 என்ற சுருள் திரளின் பக்கத்தில் மார்க்காரியன் 205 என்ற குவாசர் போன்ற பொருள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒளிப்பாலம் இருப்பதுபோலத் தெரிந்தது. திரளின் செம்பெயர்ச்சி 0.0045, மற்றதற்கு 0.07. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் தூரம் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம் என்றால் எப்படி? இரண்டும் உண்மையிலேயே அண்டைவீடு என்றால் செம்பெயர்ச்சி தூரத்தைக் காட்டவில்லை என்று ஆகும். என்ஜிசி 7603க்கும் இப்படி ஒரு துணை இருந்தது. குவாசர்கள் திரள்களின் மையத்திலிருந்து வீசியெறியப்பட்ட இளம் பொருள்கள், அவற்றின் செம்பெயர்ச்சி பிறவியிலேயே வந்தது என்றார் ஆர்ப்.

அது எப்படிச் சாத்தியம் என்பதற்கு விடை வைத்திருந்தவர் ஜயந்த் நார்லிகர். கோலாப்பூரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாயிலிடம் படித்து, அவரோடு சேர்ந்தே ஒரு ஈர்ப்புக் கோட்பாட்டை உருவாக்கியவர். அந்தக் கோட்பாட்டில் துகள்களின் நிறை நிலையானதல்ல, புதிதாகப் பிறந்த பொருளுக்கு நிறை குறைவு, வயதோடு அது கூடும். எலெக்ட்ரானின் நிறை குறைவு என்றால் அணு வெளியிடும் ஒளியின் ஆற்றலும் குறைவு, அலைநீளம் அதிகம். இளம் குவாசருக்குச் செம்பெயர்ச்சி அதிகமாக இருப்பதற்கு ஓடவே வேண்டாம். மாற்று விளக்கங்களிலேயே முழு இயற்பியல் கணக்கோடு வந்தது இது என்பது என் எண்ணம். (பேரண்டத்திலுள்ள எல்லாத் துகளுக்கும் நிறை ஒன்றுபோல வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், விரியாத பேரண்டத்தை விரியும் பேரண்டத்துக்குச் சமமாகவே எழுதிவிடலாம் என்று ஹைடல்பர்கின் கிறிஸ்டோஃப் வெட்டெரிக் 2013இல் காட்டினார். அளவுகோல் நீள்கிறதா, நிலம் சுருங்குகிறதா என்பதுபோல அது. ஆர்ப் சொன்னது வேறு: பக்கத்துப் பக்கத்துப் பொருள்களுக்கே நிறை வேறு.)

ஆர்ப்பின் அண்டைவீடுகள் எப்படிப் பிரிந்தன? 1992இல் ஹபிள் விண்தொலைநோக்கி மார்க்காரியன் 205இன் ஒளியைப் பிரித்தபோது, என்ஜிசி 4319இல் உள்ள வாயு அதில் நிழல் விட்டிருந்தது. திரையில் நிழல் விழுகிறது என்றால் விளக்கு பின்னால்தான் இருக்கிறது. திரள் சுமார் 8 கோடி ஒளியாண்டிலும் மற்றது 100 கோடி ஒளியாண்டிலும் இருப்பது இன்றைய கணக்கு. பொதுவாகவே குவாசர்களின் ஒளியில், அவற்றைவிடக் குறைந்த செம்பெயர்ச்சி கொண்ட ஏராளமான வாயு முகில்களின் நிழல்கள் வரிசையாக விழுந்திருக்கின்றன. வரும் வழியில் அத்தனை பேரையும் கடந்துதான் வந்திருக்கிறது. 1979இல் ஒரே குவாசர் இரண்டு உருவமாகத் தெரிந்தது. நடுவிலுள்ள திரள் தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்திருந்தது. குவாசருக்குச் செம்பெயர்ச்சி 1.41, வளைத்த திரளுக்கு 0.36. பின்னால் இருப்பதைத்தானே முன்னால் இருப்பது வளைக்க முடியும்.

1980களின் தொடக்கத்தில் ஆர்ப்புக்குத் தொலைநோக்கி நேரம் மறுக்கப்பட்டது. அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார், 2013இல் மியூனிக்கில் இறந்தார். கடைசிவரை மனம் மாறவில்லை. அவர் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். அதற்காக நேரத்தைப் பிடுங்கியது சரி என்று தோன்றவில்லை.

இன்னும் ஒரு சாட்சி இருக்கிறது, அது ஒரு வெப்பமானி. 1965இல் பென்சியாசும் வில்சனும் (இவர் வேறு வில்சன்) நியூ ஜெர்சியில் கண்டுபிடித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு வானம் முழுக்க நிரம்பியிருக்கிறது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். பேரண்டம் விரிந்து ஆறியது என்றால் முற்காலத்தில் அது சூடாக இருந்திருக்க வேண்டும். செம்பெயர்ச்சி 2.34 உள்ள இடத்தில் 9.1 கெல்வின். அங்கே போய் வெப்பமானி வைக்க முடியுமா? முடியும். அங்குள்ள வாயு முகிலில் கார்பன் அணுக்கள் எந்த ஆற்றல் நிலையில் இருக்கின்றன என்பதே வெப்பமானி. 2000இல் சிலியின் மாபெரும் தொலைநோக்கியால் ஸ்ரீஆனந்த், பெட்டிஜான், லெடூ மூவரும் அதைப் படித்தார்கள். 6 முதல் 14 கெல்வினுக்குள் என்று விடை வந்தது. 2008இல் கார்பன் மோனாக்சைடைக் கொண்டு, செம்பெயர்ச்சி 2.42இல் அளந்தபோது 9.15 கெல்வின். எதிர்பார்த்தது 9.3. ஒளி மட்டும் களைக்கிற, விரியாத பேரண்டத்தில் அங்கே சூடு கூட வேண்டிய காரணமே இல்லை.

ஸ்ரீஆனந்த் வேலை செய்யும் இடம் புனேயிலுள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம். அதை 1988இல் தொடங்கி வளர்த்தவர் யார்? அதே நார்லிகர். பேரண்டம் சூடான தொடக்கத்திலிருந்து விரிந்து வந்தது என்னும் பெருவெடிப்பைக் கடைசிவரை, 2025இல் மறையும்வரை, சந்தேகித்தவர் கட்டிய வீட்டிலிருந்தே பெருவெடிப்புக்கு ஒரு நல்ல சாட்சி வந்தது.

இன்றைக்கும் புதுப்புது யோசனைகள் வருகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எதிர்பாராத அளவு வளர்ந்த ஆதித் திரள்களைக் காட்டியதும், விரிவையும் சோர்ந்த ஒளியையும் கலந்து பேரண்டத்துக்கு 2,670 கோடி வயது என்று ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர குப்தா 2023இல் எழுதினார். செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். கடிகாரம், நிழல், வெப்பமானி எல்லாவற்றுக்கும் அந்தக் கலவை ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இதுவரை சொல்லியிருப்பது போதாது.

இவ்வளவுக்கும் பிறகு, விரிவு நடந்துகொண்டிருப்பதை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதாவது, ஒரே பொருளின் செம்பெயர்ச்சி இன்றைக்கு ஒரு எண், சில ஆண்டு கழித்து வேறு எண் என்று அளந்ததில்லை. விரியும் பேரண்டத்தில் அந்த எண் நகர வேண்டும், ஒளி மட்டும் களைக்கும் பேரண்டத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பதால் இதை அளக்கலாமே என்று சாண்டேஜ் 1962இலேயே யோசித்தார். நகர்வு மிகச் சிறியது, வேகக் கணக்கில் சொன்னால், ஓர் ஆண்டில் ஏற்படும் மாற்றம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வராது, எறும்பு நடை. சிலியில் இப்போது 39 மீட்டர் ஆடியோடு எழும்பிக்கொண்டிருக்கும் தொலைநோக்கிக்கு இந்த அளவையும் ஒரு வேலையாக வைத்திருக்கிறார்கள். ஒரு முறை அளந்துவிட்டு, ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து மறுபடி அதே குவாசர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.